மாத்து மூச்சு

ஐயர் உப்பைப் பற்றி ஆரம்பித்தபோதே சுகிர்தபாய்க்குத் தெரிந்துவிட்டது, இது இப்போதைக்கு முடிகிற பிரசங்கம் இல்லை என்று. பாளையங்கோட்டைப் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வது. இவர் புதுசு, இளவட்டம், சொன்னதையே கொஞ்சம் மெதுவாக இன்னொரு தரம் சொன்னால்தான் ஜனங்களுக்கு ஏறும் என்று நினைக்கிறவர். நல்லதுதான், பேசட்டும். அவர் பேசுகிற வரைக்கும் பாட வேண்டாம். கோவிலின் பின்பக்க மாடியில், ஆர்கனுக்கு இடது பக்கம், ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் வரிசையில், ஓரத்து நாற்காலியில் சும்மா சாய்ந்து கிடக்கலாம். அந்த நாற்காலியின் பிரம்பு அவள் உட்கார்ந்து உட்கார்ந்தே குழிந்துபோனது. உப்பில்லாத சோறு யாருக்காவது இறங்குமா என்று கேட்டார் ஐயர். எனக்கு இறங்குகிறதே ஐயா, என்று உள்ளுக்குள் பதில் சொன்னாள், டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்ன போன திங்கட்கிழமையிலிருந்து இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது. எல்லாம் கண் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த வினை. வலது கண்ணில் புரை, பாட்டுப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்று போனால், ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பு தாங்குமா என்று பார்க்க ஒரு டாக்டர் நெஞ்சில் குழலை வைத்தார், வைத்தவர் எடுக்கவில்லை. கழுத்தில் வைத்தார். மறுபடி நெஞ்சில் வைத்தார். சத்தம் வருகிறது என்றார். எழுபத்தொரு வயசில் நெஞ்சுக்குள்ளிருந்து என்ன சத்தம், தான் பாடாத நேரத்திலும் உள்ளே யார் உட்கார்ந்து பாடுகிறது என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கண்ணைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி இருதய டாக்டரிடம் அனுப்பினார்கள். கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. இப்போதும் ஐயர் தூரத்தில் ஒரு வெள்ளை அங்கியாகத்தான் தெரிகிறார், முகம் இல்லை.

இருதய டாக்டரம்மாவுக்கு அவள் மகள் ஷோபா வயசுதான் இருக்கும். இருட்டு அறையில் நெஞ்சில் பசையைத் தடவிப் படம் பார்த்து முடித்த பிறகு, எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். இருதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற பெரிய வாசலில் ஒரு கதவு இருக்கிறதாம், மூன்று இதழ் சேர்ந்தது, அதில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி, திறக்க வேண்டிய அளவுக்குத் திறப்பதில்லையாம், நன்றாகவே சுருங்கிப்போயிற்றாம். போர்த் தண்ணீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் படியுமே, அது மாதிரி என்றாள். அந்த வெள்ளையைச் சுகிர்தபாய் புளி போட்டுத் தேய்ப்பாள், இதை எதைப் போட்டுத் தேய்ப்பது. பிரஷர் உண்டா? உண்டு, வேலையில் இருந்த காலத்திலிருந்தே உண்டு, மாத்திரை சில நாள் போடுவாள், சில நாள் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிடுவாள். சுகர்? எல்லை ஓரத்தில். கொழுப்பு? இருக்கும், யார் பார்த்தது. கிட்னி? அது பாட்டுக்கு அது இருக்கிறது. நெஞ்சில் எப்போதாவது கேன்சருக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்களா? இல்லை, ஆண்டவர் காத்தார். சிகரெட்? இந்தக் கேள்விக்கு அவள் சிரித்துவிட்டாள். சிகரெட்டெல்லாம் பிடித்தது அவள் வீட்டுக்காரர், ஒருவராகவே ஊருக்கும் சேர்த்துப் பிடித்தார், கடைசியில் மஞ்சள் காமாலையில் போனார், நெஞ்சு அதுவரை கல்லுக் குண்டாக இருந்தது. இது என்ன நியாயம் என்று யாரிடம் கேட்பது. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் ஒரு தப்பைத் தேடினாள், பாவ அறிக்கை ஜெபத்தின்போது தேடுகிற மாதிரி, எதையாவது கொடுத்தாக வேண்டும் என்கிற பதற்றத்தோடு. கால்வலிக்கு விழுங்கின கால்சியம் மாத்திரையா என்று அவளே கேட்டாள். டாக்டரம்மா, அதையெல்லாம் போட்டு மனசை அலட்டிக்கொள்ள வேண்டாம், இது பெரும்பாலும் வயசு செய்கிற வேலை, பிரஷரும் மற்றதும் கொஞ்சம் சீக்கிரம் செய்யவைக்கும், அவ்வளவுதான் என்றாள். வயசு. அதற்கு மன்னிப்புக் கேட்கவும் முடியாது, மாற்றிக்கொள்ளவும் முடியாது.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் நெருஞ்சி முள் மாதிரி சேலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சின்ன வயசில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா, அதுவும் இந்தக் கதவைக் கெடுக்குமாம். வரவில்லை என்றாள். பஸ்ஸில் வரும்போது, முருகன்குறிச்சி தாண்டினதும், ஒரு முழங்கால் ஞாபகம் வந்தது. வீங்கின முழங்கால், சிவந்து பளபளவென்று, மேலே வேப்பெண்ணெய். ஜன்னல் வழியாக வெயில் விழுகிறது, எண்ணெய் மினுங்குகிறது. யாருடைய முழங்கால்? அவளும் தங்கச்சி ரூபாவும் ஒரே பாயில் படுத்த காலம். இருவருக்கும் அம்மா ஒரே துணியில் பாவாடை தைப்பாள். அந்தப் பாவாடையைத் தூக்கிப் பிடித்திருந்த கை தெரிகிறது, அது அவளுடைய கையாகவும் இருக்கலாம். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி தெரிகிறது, அப்படியானால் அவளுடைய முழங்கால்தான். எதிரிலிருந்து பார்க்கிற மாதிரியும் தெரிகிறது. ரூபாவிடம் கேட்கலாமென்றால் ரூபா போய்ப் பல வருஷம் ஆயிற்று, எதனால் போனாள், மூச்சுத் திணறித்தானே போனாள், அப்போது ஆஸ்துமா என்றார்கள். உப்பு தன்னைக் கரைத்துக்கொள்கிறது என்றார் ஐயர். கரைந்தால்தான் ருசி என்று இன்னொரு தரம் சொன்னார். சுகிர்தபாய் தன் வலது முழங்காலைச் சேலைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்தாள். அது ஒன்றும் சொல்லவில்லை. யாருடையதாக இருந்தால் என்ன, காரணம் தெரிந்தால் கதவு திறந்துவிடுமா என்று விட்டுவிடப் பார்த்தாள். விடமாட்டேன் என்றது அந்த வெயில்.

காரணமெல்லாம் போகட்டும். கடைசியாகக் கேட்ட கேள்விதான் கேள்வி. படி ஏறினால், வேலை செய்தால், மூச்சு வாங்குதா? இல்லை என்றாள். நெஞ்சு அடைக்குதா? இல்லை. மயக்கம்? இல்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, நிதானமாக, கோபமில்லாமல், "அம்மா, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் உங்களையே கவனிச்சுப் பாருங்க. மூச்சு வாங்கலன்னா ஆறு மாசம் பொறுத்துப் பாக்கலாம். வாங்குதுன்னா உடனே கதவை மாத்தியாகணும், அதுக்கப்புறம் சும்மா விட்டா ரெண்டு வருஷம் தாண்டுறதே கஷ்டம். திங்கக்கிழமை எனக்கு போன்ல சொல்லுங்க" என்றாள். நாளைக்குத்தான் திங்கட்கிழமை. சுகிர்தபாய் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆயுசில் பாதியைக் கழித்தவள். முகம் தெரியாத ஆட்களின் பொய்யை அவளால் கண்டுபிடிக்க முடியும். பொய் சொல்லப்போகிறவன் சொல்வதற்கு முன்னால் குட்டியாக ஒரு மூச்சு எடுப்பான், வீட்டில் இல்லை என்று சொல்லு என்பவனும் எடுப்பான், பணம் அனுப்பிவிட்டேன் என்பவனும் எடுப்பான். அப்படியானால், இல்லை என்று சொல்வதற்கு முன்னால் தான் மூச்சு எடுத்தோமா? அதுதான் ஒரு வாரமாகப் பிடிபடவில்லை. அந்த அறையின் ஏசி சத்தம் ஞாபகம் இருக்கிறது, பேனா மூடியில் பல்தடம் ஞாபகம் இருக்கிறது, இது மட்டும் இல்லை. பொய் சொன்னதாகவும் தோன்றவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குதா என்றால், அவள் எங்கே படி ஏறுகிறாள்? துணியை மொட்டை மாடியில் உலர்த்துவதை எப்போதோ நிறுத்தியாயிற்று, கொல்லையிலேயே வெயில் நன்றாக விழுகிறது. மார்க்கெட்டுக்கு நடப்பதை நிறுத்தியாயிற்று, காய்கறி வண்டியே வாசலுக்கு வருகிறது. குனிந்து கோலம் போடுகிற வழக்கமும் இல்லை, நல்லவேளை கிறிஸ்தவளாகப் பிறந்தோம். கோவில் மாடிக்கு மட்டும் ஏற வேண்டியிருக்கிறது, அதற்கு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுகிறாள், புத்தகங்களை அடுக்கிவைக்க என்று. புத்தகங்கள் ஏற்கெனவே அடுக்கித்தான் இருக்கின்றன. நின்று, நின்று, சுவரில் தொங்குகிற பழைய மிஷனரிகளின் படங்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு ஏறினால் ஏன் மூச்சு வாங்கப்போகிறது.

பாடும்போது வாங்கினதே என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. பாடும்போது வாங்கினது வேறு, அது பயிற்சிக் குறை என்று அவளே அதற்குப் பதில் சொன்னாள், இந்த ஆறேழு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற அதே பதில். கோவில் பாட்டுக்குழுவான கொயரை முன்பு நடத்தின துரைராஜ் மாஸ்டர் இருந்திருந்தால் வயிற்றிலிருந்து மூச்சு எடு, தோளைத் தூக்காதே என்று குச்சியால் நாற்காலியைத் தட்டியிருப்பார். அதனால் அவள் காலையில் ஜன்னலோரம் நின்று, வயிற்றில் கையை வைத்து, மெழுகுவர்த்திச் சுடர் அணையாமல் நீளமாக ஊதுகிற பழைய பயிற்சியைத் திரும்ப ஆரம்பித்திருந்தாள். சுடர் அணையவில்லை, அவளுக்குத்தான் கண் இருண்டது. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். கொயர்க்காரிக்கு மூச்சு முட்டினால் அவள் தன் தொண்டையைத்தான் சந்தேகப்படுவாள், இருதயத்தை அல்ல. போதாததற்கு மாத்து மூச்சு என்று ஒன்று. நீளமான சுரம் வந்தால் வரிசையில் எல்லாரும் ஒன்றாக மூச்சு விடக்கூடாது, சேர்ந்து விட்டால் சுரம் அறுந்துவிடும், அதனால் பக்கத்துப் பக்கத்து ஆட்கள் ஜோடி சேர்ந்து, நீ எடுக்கும்போது நான் பிடித்துக்கொள்கிறேன், நான் எடுக்கும்போது நீ பிடித்துக்கொள் என்று முறை வைத்துக்கொள்வார்கள். மாஸ்டர் ஏற்படுத்தின வழக்கம், அவர் போன பிறகும் ஓடுகிறது. கீழே பெஞ்சில் இருக்கிறவர்களுக்குக் குரல் ஆறு மாதிரி போய்க்கொண்டே இருக்கும், யார் எங்கே மூச்சு எடுத்தார்கள் என்று ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அவளுடைய ஜோடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஹெப்சிபா, கூட்டுறவு பாங்கியில் வேலை, நல்ல நெஞ்சுக்காரி. ஹெப்சிபா பிடித்துக்கொள்கிற நேரத்தில் சுகிர்தபாய் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்வாள், சில சமயம் மூன்றாக. எடுத்ததை அவள் எண்ணினதில்லை. எண்ணினால் தெரிந்துவிடும் அல்லவா.

ஐயர் உப்பிலிருந்து ஊறுகாய்க்கு வந்திருந்தார், ஜனங்கள் கொஞ்சம் சிரித்தார்கள், முடிக்கப்போகிறார் என்று அர்த்தம். சுகிர்தபாய் பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயம் என்றால் இதுதான் பயம், சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம். நெஞ்சைப் பிளப்பார்களே என்கிற பயம்கூட இல்லை. இப்போதெல்லாம் தொடை வழியாகவே புதுக் கதவைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்களாம், உங்களுக்கு அது சரிவருமா என்று பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பயம் அந்தச் சொல்லில் இருந்தது. மூச்சு வாங்குகிறது என்று வாயால் சொல்லிவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து ரெண்டு வருஷக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், சொல்லாதவரைக்கும் ஆரம்பிக்காது. இது முட்டாள்தனம் என்று தெரியும், தெரிந்து என்ன செய்ய. அப்புறம், முன்பு இதே ஆல்டோ வரிசையில் பாடின எமிலி அக்கா. எமிலி அக்காவுக்கு முட்டு தேய்ந்தபோது எல்லாரும் எவ்வளவு அன்பாகக் கீழே முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், மெத்தை போட்டு, மின்விசிறிக்கு நேராக. அங்கே உட்கார்ந்து எமிலி அக்கா ஆல்டோ பாடினாள், சுற்றிலும் இருக்கிறவர்கள் மெட்டுப் பாட, இவள் மட்டும் தனியாக வேறெதையோ முனகுகிற மாதிரி இருந்தது, கொஞ்ச நாளில் அவளும் மெட்டே பாட ஆரம்பித்தாள், பிறகு பாடவில்லை. ஷோபா ஒசூரிலிருந்து தினம் சாயங்காலம் போன் செய்து டாக்டர் என்ன சொன்னாங்கம்மா என்று கேட்கிறாள். வயசாம், ஒண்ணும் இல்லையாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதைச் சொல்வதற்கு முன்னால் மூச்சு எடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆமென் என்றார்கள். காணிக்கைப் பாட்டு. விளைச்சலுக்கு நன்றி சொல்கிற ஸ்தோத்திரப் பண்டிகை ஞாயிறு என்பதால் இன்றைக்குக் கொயரே நான்கு குரலில் பாட வேண்டும், கீழே பூசணிக்காயும் வாழைத்தாரும் நெல் மூட்டையுமாகக் கொண்டுபோய்க் குவிப்பார்கள், அது முடிகிற வரைக்கும். எழுந்து நின்றாள். நின்றதுமே ஒரு தடவை நெஞ்சு தன் இருப்பைச் சொன்னது. முதல் பாதி பரவாயில்லை, சின்னச் சின்ன வரி, எல்லாரோடும் சேர்ந்து விழுந்து எழுந்து போய்விடலாம். முடிவில் ஆல்டோவுக்கு ஒரே சுரம், நீளமாக, மேலே மேல்குரல் பாடுகிற சொப்ரானோக்காரிகள் ஏறி இறங்கி விளையாடும்போது அடியில் பாய் விரித்த மாதிரி அசையாமல் கிடக்க வேண்டும். வரிசையில் மற்ற இருவரும் இன்று வரவில்லை, ஒருத்தி மகள் பேறுகாலத்துக்குப் போயிருக்கிறாள், இன்னொருத்திக்குத் தொண்டை கட்டு, ஆல்டோ என்று இருப்பது இவளும் ஹெப்சிபாவும்தான். முறைப்படி இவள் முதலில் மூச்சு எடுக்க வேண்டும், எடுத்தாள், ஹெப்சிபா பிடித்துக்கொண்டாள். இப்போது ஹெப்சிபாவின் முறை. இவள் பிடித்துக்கொள்ள வேண்டும். சுகிர்தபாய் வாயைத் திறந்தாள், வாய் திறந்துதான் இருந்தது, உதடு வட்டமாக, பற்கள் மறைய, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அதே அமைப்பில், ஆனால் அதன் வழியாக ஒன்றும் வெளியே போகவில்லை. உள்ளே ஒரு பெரிய கை முஷ்டி பிடித்தது. போயிற்று, சுரம் அறுந்தது, எல்லாரும் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். சுரம் அறுந்துபோகவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. ஹெப்சிபா மூச்சு எடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் முட்ட, முகம் நாவல்பழமாகக் கறுத்துச் சிவக்க, தன் முறை மூச்சையும் எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள், ஆர்கன் விடுகிற வரைக்கும். சுகிர்தபாய் சத்தம் இல்லாத வாயோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆல்டோ வரிசையை வெளியே நின்று கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்ததும் ஹெப்சிபா புத்தகத்தை முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு புஸ் புஸ்ஸென்று இரைத்தாள். சுகிர்தபாய்க்கு, இவளுக்கு என்ன ஆயிற்று, பிரஷர் இருக்கிறதா, மாத்திரை போடுகிறாளா, சின்ன வயசில் காய்ச்சல் வந்ததா என்று டாக்டரம்மாவின் கேள்விகளெல்லாம் ஒவ்வொன்றாக வாயில் வந்து நின்றன. அதற்குள் ஹெப்சிபாதான் பேசினாள், புத்தகத்துக்குப் பின்னாலிருந்து, இவள் பக்கம் பார்க்காமல். "நீங்க விட்டுருவீங்கன்னு தெரியும்க்கா. ஆறு மாசமா நீங்க பிடிக்க வேண்டிய எடத்துல நான் மூச்சு எடுக்கதே இல்ல." குற்றம் சொல்கிற குரல் இல்லை, பாங்கியில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுகிற குரல். ஆறு மாசம். அப்படியானால் பயிற்சிக் குறை என்று இவள் மெழுகுவர்த்தியை ஊதிக்கொண்டிருந்தபோதே பக்கத்து நாற்காலிக்குத் தெரிந்திருக்கிறது, வேறு யாருக்கெல்லாம் தெரியுமோ. கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அதுவும் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பின்னால் ஒரு லேசான ஆச்சரியம் வந்து உட்கார்ந்துகொண்டது, ஒருத்தியின் நெஞ்சுக்குள் இருக்கிற சுருக்கத்தை இன்னொருத்தி தன் நெஞ்சால் அளந்து வைத்திருக்கிறாளே என்று. இருட்டு அறையில் டாக்டரம்மா பசையைத் தடவிப் பார்த்ததும் அதைத்தானே.

நற்கருணைக்குக் கொயர்தான் முதலில் இறங்க வேண்டும். வாங்கிக்கொண்டு உடனே மாடிக்குத் திரும்பி, மற்ற ஜனங்கள் வாங்குகிற நேரத்தில் மெதுவாகப் பாட வேண்டும். இந்த ஆறேழு மாசமாகச் சுகிர்தபாய் இறங்கினால் ஏறுவதில்லை. கடைசி பெஞ்சில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, அங்கிருந்தபடியே பாடிவிடுவாள். சுகிர்தபாய் அக்காவுக்கு வயசாக வயசாகப் பக்தி கூடிவிட்டது என்று கோவிலில் பேச்சு. இன்றைக்கும் திராட்சரசத்தின் துவர்ப்பு நாக்கில் இருக்க, கால் தானாகக் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பிற்று. முன்னால் சொப்ரானோக்காரிகள் வெள்ளைச் சேலை சரசரக்க மாடிப்படிக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். மெத்தை இல்லை, மின்விசிறி இல்லை, ஆனாலும் அது எமிலி அக்காவின் பெஞ்சுதான், இவளே தனக்குப் போட்டுக்கொண்டது. யாரும் இவளைக் கீழே உட்கார வைக்கவில்லையே, இவள்தானே வந்து உட்கார்ந்தாள். கால் நின்றது. பிறகு வரிசையோடு போயிற்று. முதல் படி, அடுத்த படி, மரப்படி காலுக்குக் கீழே முனகிற்று. முதல் மிஷனரி தாடியோடு போனார், இரண்டாவது ஆள் தொப்பியோடு போனார், யாரையும் விசாரிக்கவில்லை. வளைவுக்கு வருமுன்னே உள்ளே அந்த முஷ்டி இறுகிற்று. வழக்கமாக இந்த இடத்தில் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிவாள், அல்லது கண்ணாடியைத் துடைப்பாள். இரண்டையும் செய்யவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நட்டநடுப்படியில் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஹெப்சிபா நின்றாள், ஹெப்சிபாவுக்குப் பின்னால் ஆண்கள் வரிசை முழுக்க நின்றது, கீழ்ப்படியில் யாரோ என்ன நின்னுட்டு என்று கேட்டார்கள். மேலே ஆர்கன் ஆரம்பித்துவிட்டது, பாட ஆள் போதவில்லை.

"என்னக்கா?" என்றாள் ஹெப்சிபா, தெரிந்துகொண்டே.

சுகிர்தபாய் திரும்பிப் பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்கு எல்லா முகமும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரிந்தது. சொல்வதற்கு முன்னால் மூச்சு எடுக்கப் பார்த்தாள், எடுக்கக் கிடைக்கவில்லை, கிடைக்காமலேயே சொன்னாள், படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி.

"மூச்சு வாங்குது, ஹெப்சி. ரொம்ப நாளா."

யாரும் முந்திப் போகவில்லை. ஹெப்சிபா ஒரு படி ஏறி வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஆர்கன்காரர் முதல் வரியைத் திரும்ப வாசித்துக் காத்திருந்தார். சுகிர்தபாய் சுவரில் சாய்ந்து நின்று, தன் நெஞ்சு மெதுவாக இறங்குவதை வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியாயிற்று. ஷோபாவிடம் சாயங்காலமும், டாக்டரம்மாவிடம் நாளைக் காலையும் இதையேதான் இன்னொரு தரம் சொல்ல வேண்டும்.